ஏரி, கண்மாய் அறிவைப் பொதுவில் வைக்க ஒரு ஃபெலோஷிப்: ஓராண்டில் எதைக் கேட்பது?

(இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

வரத்துக்கால்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு நீர்நிலைகளைப் பற்றிய வட்டார அறிவை, எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் எடுத்தாளவும் ஏற்றபடி பொதுவெளியில் சேர்ப்பதற்காக நான்கு பேருக்கு ஓராண்டு ஃபெலோஷிப் (நல்கை) அளிக்க ஒரு சிறு அறக்கட்டளை முன்வந்திருக்கிறது. அதற்கான விதிகளை வரையும் குழுவில் நானும் இருக்கிறேன். பாலாற்றுப் படுகைக்கு ஒருவர், வைகை, குண்டாற்றுப் பகுதிக்கு ஒருவர், தாமிரபரணிக்கு ஒருவர், நொய்யலுக்கு ஒருவர் என்பது இப்போதைய எண்ணம்.

முதல் வரைவில் "ஒவ்வொரு நல்கையாளரும் ஆண்டுக்கு நூறு கட்டுரைகள் எழுத வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதியவன் நான். எழுதிய நாளிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. மாநிலத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் குளங்களும் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவற்றுள் நூற்றை எடுத்து, "இன்ன வட்டத்தில் அமைந்துள்ள ஓர் ஏரி" என்று தொடங்கி மூன்றே வரியில் முடித்து வைத்தால் எண்ணிக்கை நிறைந்துவிடும். ஆனால் அந்த ஏரியின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவருக்கு அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கும்? எதைக் கேட்டால் இந்த ஓராண்டு உழைப்பு ஊருக்குத் திரும்பிச் சேரும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய மதகு

நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன். 2021-இல் நீர்வளத் துறை தனித் துறையாகப் பிரிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஓய்வு பெற்றேன். நல்கையாளர்கள் முதலில் தேட வேண்டியது "டேங்க் மெமாயர்" என்று நாங்கள் சொல்லும் ஏரிப் பதிவேடு என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின் அளவைப் பணிகளிலிருந்து வளர்ந்து வந்த பதிவேடு அது. ஏரியின் தனி நீர்பிடிப்பு எவ்வளவு, மேலே உள்ள ஏரிகளையும் சேர்த்த கூட்டு நீர்பிடிப்பு எவ்வளவு, கரையின் நீளமும் உயரமும் என்ன, மதகுகள் எத்தனை, ஒவ்வொரு மதகின் அடிமட்டம் எது, கலிங்கின் (உபரி நீர் வழியும் இடம்) நீளம் எவ்வளவு, உபரி நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஓர் ஏரியைத் தூர்வார வருகிறவர் மதகின் அடிமட்டத்தைப் பாராமல் தோண்டினால், அந்த மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் வயலுக்கு ஒருநாளும் ஏறாது. குழிதான் ஆழமாகும், பாசனத்துக்கு ஒரு சொட்டும் கூடாது. பதிவேட்டில் ஒரே ஒரு எண்தான். அது ஊராருக்குத் தெரிந்திருந்தால் வெட்டும் இடத்திலேயே அவர்கள் கேள்வி கேட்டிருப்பார்கள்.

ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஏரிகள் துறையின் பொறுப்பிலும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருந்து வருகின்றன. எண்ணிக்கையில் மிகுந்தவை சிறியவைதான். முறையான பதிவு இல்லாதவையும் அவைதான். நான்கு பேரின் உழைப்பைச் சிறிய ஏரிகளின் பக்கம் திருப்புங்கள் என்றே சொல்வேன்.

அளவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொள்ளளவு என்று ஓர் எண்ணை, அது அளக்கப்பட்ட ஆண்டைக் குறிப்பிடாமல் எழுதுவது தவறு. வண்டல் படியப் படிய அந்த எண் பொய்யாகிக்கொண்டே வரும். அதுபோல "ஏரியில் 500 கன அடி நீர் திறப்பு" என்று எழுதுகிறவர்கள் "விநாடிக்கு" என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். ஒன்று நிற்கும் நீரின் அளவு, மற்றது ஓடும் நீரின் வீதம். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) சேரும். வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ ஒன்றரை டி.எம்.சி. இந்த வேறுபாட்டை விளக்கும் ஒரு நல்ல தமிழ்க் கட்டுரை, நூறு ஏரிக் குறிப்புகளைவிடப் பயன்படும்.

கம்மாக்கரை மகள்

பழைய மதகு ஐயா சொன்ன பதிவேட்டின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் இல்லாதது எது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு என் அப்பா நீர்க்கட்டி, அதாவது மடை திறந்து வயல்களுக்கு நீர் பகிர்ந்துவிடுபவர். அவருக்கு முன் தாத்தா இருந்தார். எங்கள் கண்மாய்க்கு ஐந்து மடைகள். ஐந்து என்று எழுதிவிடலாம். அவற்றை எந்த வரிசையில் திறப்பது என்பது எந்தத் தாளிலும் இல்லை. மேட்டு மடையைத்தான் முதலில் திறக்க வேண்டும். நீர் சற்றே இறங்கினாலும் அந்த மடைக்கு எட்டாமல் போய்விடும், அதை நம்பிய மேட்டு வயல்கள் காய்ந்துவிடும். பள்ள மடை கடைசிவரை பொறுக்கும். கண்மாய் பெருகிய ஆண்டில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பாதி நிறைந்த ஆண்டில்தான் அப்பாவைத் தேடி வீட்டுக்கு ஆள் வரும். கண்மாயின் உள்வாயில், நீர் நிற்கும் உட்பகுதியில், ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் அதன் தோளில் நின்றால் எத்தனை நாள் பாய்ச்சல், இடுப்பில் நின்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லுவார். அதைக் கேட்டுத்தான், நெல்லை எவ்வளவு பரப்பில் நிறுத்திக்கொள்வது என்று ஊர் முடிவெடுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு ஆய்வாளர்கள் வந்து அப்பாவோடு இரண்டு நாள் கரையில் நடந்தார்கள். வரப்பு வரப்பாக அழைத்துப்போய் அவர் காட்டினார். பிறகு வந்த அறிக்கையில் அது "உள்ளூர் மக்கள் கூறுகின்றனர்" என்ற மூன்று சொல்லாகியிருந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்ததால் நான்தான் அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். "என் பேரு எங்க இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் விதிகளில் இரண்டு இருக்க வேண்டும். அறிவைச் சொல்பவர் விரும்பினால் அவருடைய பெயர் பதிவில் இடம்பெற வேண்டும். அவர் செலவிடும் நாளுக்கு, நல்கையாளருக்குக் கொடுப்பதுபோல், பணம் கொடுக்க வேண்டும்.

தொகுப்பாளர்

தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுநாளாகப் பங்களித்து வருகிறேன். மேலே கூறப்பட்ட இரண்டு வகை அறிவும் ஒரே பெட்டியில் அடங்காது. எதை எங்கே வைப்பது என்று முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால், நல்கையாளர் எழுதியவை நீக்கப்படும்போது அவர் மனம் உடைந்துவிடும்.

விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே நம்பத்தகுந்த இடத்தில் வெளியானவற்றைச் சான்றுடன் எழுதலாம்; புதிய கள ஆய்வை நேரடியாக எழுதக் கூடாது. அந்த விதி வாய்மொழி அறிவுக்கு எதிராக நிற்பதை நானும் உணர்கிறேன். அதனால்தான் மற்ற திட்டங்களைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறேன். சகோதரியின் தந்தை மடையைக் காட்டி விளக்குவதை நிகழ்படமாக எடுத்து, படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் அவர் பெயருடன் ஏற்றலாம். ஏரியின் ஆயக்கட்டு, அமைவிடம், மேலேரி, கீழேரி ஆகியவற்றைத் தரவுத் தொகுப்பான விக்கித்தரவில் இடலாம்; ஓர் ஏரியின் உபரி எந்த ஏரிக்குப் போகிறது என்பதை அங்கே பதிந்துவிட்டால் சங்கிலித் தொடர் முழுவதும் தானாகவே விரியும். பதிப்புரிமை முடிந்த பழைய மாவட்டக் கையேடுகளை விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கலாம். மதுரை நாட்டைப் பற்றிய நெல்சனின் கையேடு 1868-இல் வெளிவந்தது. அதுபோன்றவற்றில் பாசனத்தைப் பற்றிய பகுதிகள் உண்டு. வாய்க்கால்களின் போக்கை, எவரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரையலாம்.

சொற்களுக்கு விக்சனரி இருக்கிறது. வடக்கே ஏரி என்பதைத் தெற்கே கண்மாய் என்கிறோம்; நெல்லையில் குளம். உபரி நீர் வழிவது ஓரிடத்தில் கலிங்கு, ஓரிடத்தில் கழுங்கு, ஓரிடத்தில் மறுகால். தாங்கல், ஏந்தல், ஊருணி, பாலாற்றங்கரையின் ஊற்றுக்கால் என்று ஒவ்வொன்றும் ஒரு தனி அமைப்பைக் குறிக்கும் சொல். இவற்றையெல்லாம் "நீர்நிலை" என்ற ஒரே சொல்லால் மூடிவிடும் பழக்கம் நம் எழுத்தில் வளர்ந்துவிட்டது. சொல்லை இழந்தால், எது குடிநீருக்கு, எது பாசனத்துக்கு என்ற வேறுபாட்டையும் சேர்த்தே இழக்கிறோம்.

செந்நாரை

இத்தனை இடங்களில் பிரித்து வைப்பதைவிட, அறக்கட்டளையே அழகான ஒரு தனி இணையதளம் அமைத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் மக்கள் தேடுவதற்கு எளிதாக இருக்காதா?

பழைய மதகு

அப்படி ஒன்றை நான் பார்த்துவிட்டேன். ஓய்வுக்குப் பின் ஒரு தன்னார்வ அமைப்புக்காக, ஒரு வட்டத்தின் 160 ஏரிகளின் விவரங்களை இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். தளம் நன்றாகவே இருந்தது. திட்ட நிதி முடிந்த அடுத்த ஆண்டு தளத்துக்கான கட்டணத்தை யாரும் கட்டவில்லை. முகவரியைத் தட்டினால் இன்று ஒன்றும் வருவதில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அச்செடுத்து வைத்த ஒரு கட்டு. தனித்தளம் வேண்டுமானால் அமைக்கட்டும், ஆனால் மூலத் தரவு அறக்கட்டளையின் ஆயுளை நம்பி இருக்கக் கூடாது.

சட்டப்படி

வழக்கறிஞர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அரசுப் படைப்புக்கு, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஆகவே அண்மைக் கால அறிக்கையை அப்படியே படமெடுத்து ஏற்ற முடியாது. ஆனால் உண்மை விவரங்களுக்குப் பதிப்புரிமை இல்லை: மதகின் அடிமட்டம், கலிங்கின் நீளம் போன்ற எண்களைத் தம் சொந்த நடையில், மூலத்தைச் சுட்டி எழுதத் தடையில்லை.

பதிவேடு கிடைக்கவில்லை என்றால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 30 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவலைத் தாமாக வெளியிடும் கடமையையும் பொது அதிகார அமைப்புகளுக்கு விதிக்கிறது என்பதை மனுவிலேயே நினைவூட்டுவது நல்லது. நானே ஓர் அலுவலகத்தில் ஒரு கிராமத்தின் ஏரிப் பதிவேட்டுக்கு மனுப் போட்டு, "கோப்பு கிடைக்கப்பெறவில்லை" என்ற பதிலைப் பெற்று, மேல்முறையீட்டுக்குப் பின் அதே கோப்பின் நகலைக் கையில் வாங்கியிருக்கிறேன். ஓராண்டு நல்கையில் முதல் மாதமே மனுக்களை அனுப்பிவிட வேண்டும் என்பதற்கு இது ஒன்றே காரணம் போதும்.

ஒப்புதலைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பொதுவகத்தில் ஏற்றப்படும் கோப்புக்குக் கட்டற்ற உரிமம் வேண்டும். "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனையை அங்கே ஏற்பதில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெறவும் முடியாது. வயதான ஒருவர் தலையசைத்துவிட்டார் என்பதை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. அவருடைய குரலையும் முகத்தையும் முன்பின் அறியாதவர் எடுத்தாளலாம், விற்பனைப் பொருளிலும் சேர்க்கலாம், பிறகு வேண்டாம் என்றாலும் நிறுத்த முடியாது என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்லி, யோசிக்க ஒரு வாரம் விட்டு, அதன்பின்பே கையொப்பம் வாங்க வேண்டும். மூலிகை, மருத்துவ முறை போன்றவற்றைத் தொடவே வேண்டாம். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய அறிவையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்கும் பொறுப்பு உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு உரியது. அவர்களைக் கேட்காமல் அந்த அறிவைத் திறந்து வைப்பது, ஊரின் உடைமையை ஊருக்குத் தெரியாமல் கொடுத்துவிடுவதாகும்.

தூம்புக்கல்

கல்வெட்டியல் படிக்கும் மாணவி நான். புதுக்கோட்டை வட்டாரத்துக் கண்மாய்களில் குமிழித் தூம்புகளை, அதாவது நீருக்குள் அமைந்த பழைய கல்மதகுகளை, பார்த்து வருகிறேன். கரையிலிருந்து சற்று உள்ளே, நீர் நிற்கும் இடத்தில் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்துளையை அடைத்து நிற்கும் அடைப்பை, நீந்திச் சென்று ஒருவர் உயர்த்தினால் நீர் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியே வெளியேறும். மேலே இருப்பதை நீரோடி என்றும், கீழே சேற்றைக் கொண்டுபோகும் துளைகளைச் சேறோடி என்றும் சொல்கிறார்கள். தூண்களில் செய்துகொடுத்தவரின் பெயர் பொறிக்கப்பட்டவை பல உண்டு. அந்தக் கற்களைத் தூர்வாரும்போது பிடுங்கிக் கரையோரம் எறிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரம் ஓட்டியவருக்கு அது வெறும் கல். ஒவ்வொரு தூம்பையும் இடம் குறித்துப் படமெடுத்துப் பொதுவில் வைத்திருந்தால், அந்தக் கல்லை நகர்த்தும் முன் ஒருவராவது நிறுத்தச் சொல்லியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சொல்லி, ஏரிகளைக் கவனித்த குழுவான ஏரி வாரியத்தைப் பொற்காலமாகப் பாடிவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. குடவோலை முறையின் அமைப்பு போற்றத்தக்கதே. ஆனால் அவற்றுள் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் 35 முதல் 70 வரை வயதும் வேதக் கல்வியும் உடையவரையே உறுப்பினராக ஏற்றது; அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின், சபை. அதையும் அடுத்த வரியிலேயே எழுதுகிறவர்தான் நல்கைக்குத் தகுதியானவர் என்பது என் எண்ணம்.

கம்மாக்கரை மகள்

சகோதரி தொட்டதை நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பல ஊர்களில் நீர்க்கட்டிகள் பட்டியல் சாதியினர், நாங்களும்தான். மடையைத் திறந்து அடைத்து, மழை இரவில் கரையில் படுத்து உடைப்புக் காத்தவர்களுக்கு அந்தக் கண்மாயின் ஆயக்கட்டில் பெரும்பாலும் நிலம் இல்லை. களத்து நெல்லில் பங்கு கிடைக்கும். அதையும் தாத்தா காத்திருந்துதான் வாங்கினார். ஊருணியில் எந்தப் பக்கம் யார் இறங்கலாம் என்பதும் ஒரு காலத்தில் இருந்த ஏற்பாடுதான். "ஊர் கூடிக் காத்த நீர்" என்று எழுதும்போது அந்த ஊரில் நாங்கள் எங்கே நின்றோம் என்பதும் வர வேண்டும். 1858-ஆம் ஆண்டு மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் குடிமராமத்துச் சட்டம், அதாவது ஊரார் தாமே நீர்நிலையைச் செப்பனிடும் சட்டம், என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கட்டாய உழைப்பு என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரில் அரசுத் திட்டம் வந்தபோது, அப்பா அந்தச் சொல்லைக் கேட்டு ஒன்றும் பேசாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

செந்நாரை

தனித்தளம் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பறவைகள் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். நீர் அறிவில் உயிர்களும் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் உழவர்களோ, நீர்க்கடம்பு மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை நெடுங்காலமாக அறிந்து அந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை. ஆனால் அதிகம் அறியப்படாத இடங்களில் கூடுகள் இருக்கும் துல்லியமான புள்ளியை வெளியிட வேண்டாம். ஏரியின் பெயர் போதும்.

தொகுப்பாளர்

ஆக்கிரமிப்பைப் பதிவது பற்றி ஒருவர் எனக்குத் தனிமடலில் கேட்டிருந்தார். 2007-ஆம் ஆண்டிலேயே ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்துவது நல்கையாளரின் வேலை அன்று. கிராம வரைபடத்தில் வரத்துக்கால் (ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்) எந்தப் புல எண்களின் வழியே போகிறது என்பதை ஆண்டுடன் பதிந்தால் போதும். இன்று அங்கே யார் இருக்கிறார் என்று பெயர் எழுதுவது விக்கித் திட்டங்களுக்கும் பொருந்தாது, தனியாக ஊரில் தங்கும் இளையவருக்கும் பாதுகாப்பில்லை. 10 மீட்டர் துல்லியமுள்ள சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எந்த மாதத்தில் நீர் எதுவரை பரவியது என்பதை அவற்றிலிருந்து எவரும் சரிபார்க்கலாம். வரைபடத்தையும் படத்தையும் அருகருகே வைத்துவிட்டால் மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

வரத்துக்கால்

அனைவருக்கும் நன்றி. நூறு கட்டுரை என்ற வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒரே சங்கிலித் தொடரில் உள்ள பத்துப் பன்னிரண்டு சிறிய ஏரிகளை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு, மேலேரியின் கலிங்கு முதல் கடைசி ஏரியின் கடைமடை வரை நடந்து, எண்களையும் சொற்களையும் மடை திறக்கும் முறையையும் பதிய வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அறிவைச் சொல்பவருக்கு நாள் ஊதியமும் பெயரும் கட்டாயம். உரிமத்தை விளக்கும் தமிழ்த் தாளை வழக்கறிஞர் "சட்டப்படி" அவர்கள் எழுதித் தர இசைந்திருக்கிறார். பதிவை ஏற்றும் முன் ஊரிலேயே படித்துக் காட்டி, தவறு என்று அவர்கள் சொல்வதைத் திருத்திய பின்பே வெளியிட வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

நல்கை ஜூன் மாதம் தொடங்கி அடுத்த மே மாதம் முடிவதாக வைத்திருக்கிறோம். இதில் யாருக்கேனும் மறுப்பு உண்டா?

கம்மாக்கரை மகள்

தொடக்கம் சரியாக இருக்கிறது, முடிவுதான் இடிக்கிறது. எங்கள் கண்மாய்க்கு நீர் வருவது ஐப்பசி, கார்த்திகையில். மறுகால் ஓடுகிறதா, ஓடினால் எந்தப் பக்கம் முட்டுகிறது என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். அறுவடை முடியும்வரை அப்பா யாரோடும் உட்கார்ந்து பேச மாட்டார். மடையின் வாயும் உள்வாய்ப் பாறையும் முழுதாக வெளியே தெரிய வைகாசி ஆகிவிடும், அப்போது உங்கள் நல்கையாளர் அறிக்கை எழுதிக்கொண்டிருப்பார். ஒரு பெருக்கும் ஒரு வற்றலும் முழுதாகப் பார்த்த பின் எழுத மூன்று மாதம் கூட்டிக் கொடுங்கள். அனுப்புகிறவர் ஐப்பசியில் முதல் மழைக்கு முன் வந்துவிட்டால், கரையோரம் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.